சத்தமில்லாத எஞ்சின்

ஓடுகிற எஞ்சினைத் திறக்காதே என்று எங்கள் ஊர்க் கராஜ்களில் ஒரு பேச்சு இருந்தது. மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் மட்டுமல்ல, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் வைத்திருந்தவர்களும் அதையே சொல்வார்கள். அதில் அனுபவம் இருக்கிறது. திறந்தால் ஒரு நட் காணாமல் போகும், ஒரு காஸ்கெற் கிழியும், பிறகு அது பழையபடி வராது. அரைகுறையாகத் தெரிந்தவன் கை வைத்துப் பாழாக்கிய எஞ்சின்கள் ஒவ்வொரு சந்தியிலும் கிடந்தன. ஆகவே இந்தப் பேச்சை நாங்கள் இலேசாகத் தள்ளிவிடுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் கடந்த சில குளிர்காலங்களாக ஸ்காபரோவில் ஒரு வீட்டுக் கராஜில் மூன்று பேராகச் சேர்ந்து எங்கள் மோட்டார் சைக்கிள்களை நாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, இந்தப் பேச்சுக்குள் ஒரு பொறி இருப்பதாகப் படுகிறது. 'ஓடுகிற' என்ற சொல்லில்தான் அது இருக்கிறது. ஓடுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சத்தம் போடவில்லை, மக்கர் பண்ணவில்லை, ஆகவே ஓடுகிறது. கரைச்சல் தராத எதையும் சுகமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு எஞ்சினோடு மட்டும் நின்றுவிடவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். எஞ்சினுக்குள் காற்றையும் பெற்றோலையும் உள்ளே விடுவதற்கும் எரிந்த புகையை வெளியே விடுவதற்கும் வால்வுகள் இருக்கின்றன. காம் தண்டு சுழன்று வந்து அவற்றை அமுக்கித் திறக்கிறது. ஸ்பிறிங் அவற்றை மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தடவை சுழன்றால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3000 தடவை, அதாவது செக்கனுக்கு 50 தடவை, திறந்து மூட வேண்டும். மூடியிருக்கும்போது காமுக்கும் வால்வின் பக்கத்துக்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி இருக்கும்படி செய்திருப்பார்கள். இரும்பு சூடேறினால் நீளும். இடைவெளி இல்லாவிட்டால் நீண்ட வால்வு முழுதாக மூடாது. அந்த இடைவெளி எவ்வளவு என்றால், எங்கள் கராஜில் நின்ற சுசுகி எஸ்.வி. 650க்கு உள்ளிழுக்கும் வால்வில் 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர், வெளியேற்றும் வால்வில் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர். நாம் கடிதம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.10 மில்லிமீற்றர். ஆக, ஒரு தாளுக்கும் மூன்று தாளுக்கும் இடைப்பட்ட ஒரு வெறுமையில்தான் அந்த எஞ்சினின் ஆயுள் தங்கியிருக்கிறது.

ஊரில் நாங்கள் அறிந்த ஹொண்டா சி 90, எம்.டி. 90 போன்றவற்றில் இந்த இடைவெளியைச் சரிசெய்வது சின்ன வேலை. ஒரு ஸ்குறூவும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு நட்டும்தான். 'ரப்பெற் வைக்கிறது' என்பார்கள். கெட்டிக்கார மெக்கானிக் ஃபீலர் கேஜ் கூட எடுக்க மாட்டார். ஸ்குறூ ட்றைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். சத்தத்தை வைத்தே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். 1990இல் போர் மீண்டும் தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வராமல் தடுக்கப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். கிளம்பியதும் மண்ணெண்ணெய். அந்த எஞ்சின்கள் புகைத்தன, இடித்தன, கரி பிடித்தன. ஒவ்வொரு நோவையும் அவை உரத்துச் சொல்லின. கேட்கத் தெரிந்த காது அன்றைக்குப் பெரிய மூலதனம். அந்தக் காதை நாங்கள் இன்றைக்கும் மதிக்கிறோம்.

ஆனால் இங்கே எங்கள் முன்னால் இருந்த எஞ்சினில் ஸ்குறூ இல்லை. ஸ்குறூவும் நட்டும் ஒரு பாரம். வேகமாகச் சுழலும் எஞ்சினில் பாரம் குறைய வேண்டும். ஆகவே காமுக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்த ஒரு சின்னக் கிண்ணம் (மெக்கானிக்குகள் அதைப் பக்கற் என்கிறார்கள்), அதன் அடியில் வால்வின் நுனிமேல் ஒரு ஷிம். ஷிம் என்பது ஒரு வட்டத் தகடு. குறுக்களவு ஏழரை மில்லிமீற்றர், சட்டைப் பொத்தானை விடச் சிறியது. 1.20 மில்லிமீற்றரில் இருந்து 2.20 வரை, 0.05 மில்லிமீற்றர் படிகளாக, 21 தடிப்புகளில் சுசுகி அதைச் செய்கிறது. இடைவெளி பிழையென்றால் தகட்டை எடுத்துவிட்டு வேறு தடிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். அதற்குக் காம் தண்டையே கழற்ற வேண்டும். ஸ்குறூ போல ஒரு முறுக்கில் முடிகிற காரியமில்லை. இதனால்தான் இந்த வேலையை 24,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று புத்தகத்தில் போட்டிருந்தும் அநேகர் ஒரு தடவையும் பார்ப்பதில்லை. கராஜில் கொடுத்தால் பல நூறு டொலர். வீட்டில் செய்யப் பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. காம் தண்டைக் கழற்றும்போது சங்கிலியைக் கம்பியால் கட்டி வைக்காவிட்டால் அது உள்ளே விழுந்துவிடும். சங்கிலி போகும் குழியைத் துணியால் அடைக்காவிட்டால் கை நழுவிய ஷிம் எஞ்சினின் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு அதைத் தேடி முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். திரும்பப் பூட்டும்போது சங்கிலி ஒரு பல் தள்ளி மாட்டினால் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதலாம். காமைப் பிடிக்கும் போல்ற்றுகளை 10 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்கினால் அலுமினியத்தில் புரி கழன்றுவிடும். 'திறக்காதே' என்று சொன்னவர்கள் கோழைகளில்லை. அவர்கள் திறந்து பார்த்தவர்கள்.

இப்போது பொறிக்கு வருவோம். வால்வின் இடைவெளி இரண்டு விதமாகப் பிழைக்கலாம். கூடலாம், அல்லது குறையலாம். கூடினால் காம் வந்து அடிக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். எரிச்சலூட்டும் சத்தம். பக்கத்தில் நிற்பவனும் திரும்பிப் பார்த்து "என்ன, ரப்பெற் அடிக்குது போல" என்பான். குறைந்தால் ஒன்றும் கேட்காது. சொல்லப்போனால் எஞ்சின் முன்னையை விட அமைதியாகும். இந்த மாதிரி எஞ்சின்களில் காலம் போகப் போக இடைவெளி அநேகமாகக் குறையத்தான் செய்கிறது. வால்வு தன் இருக்கையில் இலட்சக்கணக்கான தடவை அடித்து அடித்து, இருக்கை தேய்ந்து, வால்வு மேலே ஏறுகிறது. அதனால் காமை நெருங்குகிறது. வெளியேற்றும் வால்வு நெருப்பின் நடுவே நிற்பது. தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் அமரும் அந்தக் கணங்களில்தான் இறக்கி வைக்கிறது. முழுதாக அமர முடியாமல் போனால் சூடு இறங்காது. மூடாத விளிம்பின் வழியே எரியும் வாயு பீறிடும். விளிம்பு கருகும். அதுவரை எஞ்சின் பட்டுப் போல ஓடும்.

சத்தம் போடுகிற பிழை பெரும்பாலும் பொறுக்கக்கூடிய பிழை. எரிக்கிற பிழைக்குச் சத்தமில்லை. மண்ணெண்ணெய்க் காலத்துக் காதுக்கு இது பிடிபடாது. காது நல்லதென்று சொல்கிற இடத்தில்தான் அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் முன் வந்த கேள்வி. எங்களில் ஒருவருடைய அந்த எஸ்.வி. 23,800 கிலோமீற்றர் ஓடியிருந்தது. அவர் அதை விற்க நினைத்தார். ஒக்ரோபரில் ஓர் இளைஞன் வந்து பார்த்தான். இங்கே படிக்கிறவன், முதல் மோட்டார் சைக்கிள். கிளப்பிக் காட்டியபோது அவனுக்குப் பிடித்துப்போனது அதன் அமைதிதான். குளிர்காலம் முடிந்ததும் ஏப்ரலில் காசோடு வருவதாகச் சொல்லிப் போனான். 24,000 ஆக இன்னும் 200 கிலோமீற்றர் இருந்தது. புத்தகப்படி யாருக்கும் ஒரு கடமையும் வரவில்லை. வால்வு பார்க்கும் நேரம் நெருங்கும்போது வண்டியைத் தள்ளிவிடுவது மோட்டார் சைக்கிள் வாங்கி விற்பவர்களிடம் உள்ள வழக்கந்தான். பொய் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கிலோமீற்றர் கண் முன்னால் இருக்கிறது. எஞ்சினும் ஓடிக் காட்டுகிறது.

இது பழைய வழக்கு. கி.மு. 44இல் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கென்று கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் இரண்டு வியாபாரிகள் வருகிறார்கள். ஒருவன் அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்துடன் றோட்ஸ் தீவுக்கு வருகிறான். அங்கே பஞ்சம், விலை உச்சத்தில். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவதை அவன் கண்டிருக்கிறான். அதைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? மற்றவன் ஒரு வீட்டை விற்கிறான். பாம்புகள் வருகிற, மரம் உளுத்துப்போன வீடு. அது அவனுக்கு மட்டுமே தெரியும். டயோஜெனிஸ் என்ற ஸ்தோயிக்க ஆசிரியர் சொல்கிறார்: மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு, வாங்கு என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அவருடைய மாணவர் அந்திப்பாத்தர் மறுக்கிறார்: வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் விடுவதை ஏதென்ஸ்காரர் சபிக்கப்பட வேண்டிய செயலாக வைத்தார்கள், தெரிந்துகொண்டே ஒருவனைப் பிழையான வழியில் போகவிடுவது அதிலும் மோசம். சிசரோ கடைசியில் மாணவனின் பக்கம் சாய்கிறார். இரண்டாயிரம் வருடங்கள் கழிந்தும் இந்தச் சண்டை ஒவ்வொரு பழைய கார் விற்பனையிலும் நடக்கிறது.

ஆனால் எங்கள் வியாபாரி அந்த இருவரையும் போன்றவரில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. திறந்து பார்க்கவில்லையே. பின்னால் கப்பல் வருகிறதா என்று அவர் கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. டயோஜெனிஸும் அந்திப்பாத்தரும் தெரிந்ததைச் சொல்வதைப் பற்றி வாதாடினார்கள். தெரிந்துகொள்ளாமல் இருக்க ஏற்பாடு செய்துகொள்வதைப் பற்றி அந்த வழக்கில் பேச்சில்லை. எங்களுக்குக் கடினமாகப் பட்டது அதுதான். பார்த்தால் சொல்ல வேண்டி வரும். சொன்னால் விலை குறையும், அல்லது வேலை செய்ய வேண்டி வரும். ஆகவே பார்க்காமல் விடுவோம். அப்போது மனச்சாட்சியும் எஞ்சினைப் போலவே சத்தமில்லாமல் ஓடும். இதை அறியாமை என்று சொல்லிவிட முடியுமா? எங்கே பார்த்தால் தெரியும் என்பது நன்றாகத் தெரிந்த ஒருவர், அங்கே மட்டும் பாராமல் இருப்பதை?

கூடாது என்றுதான் எங்கள் முடிவு. முடிவுக்கு வர ஒரு மாலை முழுதும் கதைத்தோம். எதிர்த்தவர் சொன்னதில் ஒன்றை இன்றும் எங்களால் முழுதாக மறுக்க முடியவில்லை. "அப்பிடிப் பாத்தால் விக்கிறவன் ஒவ்வொருத்தனும் எஞ்சினை அக்கக்காய்க் கழட்டிப் போட்டுத்தான் விக்கவேணும். எங்க நிப்பாட்டுறது?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் அறியும் கடமை யாருக்கும் இல்லை. ஆனால் செய்தவர்களே இந்த இடத்தில் இந்தத் தூரத்தில் பார் என்று எழுதி வைத்திருக்கும் ஒன்றையும், அந்தத் தூரத்துக்கு 200 கிலோமீற்றர் முன்னதாக விற்பதையும் ஒரே தராசில் போடலாமா? தற்செயலாக வந்த அறியாமைக்கு இவ்வளவு துல்லியமான நேரம் தெரியாது.

ஜனவரியில் திறந்தோம். கராஜில் குளிர் கொடுமை என்பதைத் தவிர அதில் சொல்ல அதிகமில்லை. ஆனால் அளப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபீலர் கேஜ் என்பது பல தடிப்பில் மெல்லிய தகடுகளின் கட்டு. காமின் மூக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி எஞ்சினைக் கையால் சுற்றி நிறுத்திவிட்டுத் தகட்டை இடைவெளியில் விட வேண்டும். 0.15 போகிறது, 0.20 போகவில்லை. 0.17 சற்று இறுக்கமாகப் போகிறது, 0.18 போகவில்லை. இதில் 'இறுக்கமாக' என்பது எவ்வளவு? அங்கேதான் மனிதன் உள்ளே வருகிறான். கை ஒரு விடையை விரும்புகிறது. 0.20 போனால் வேலை மிச்சம் என்று தெரிந்த கை கொஞ்சம் அழுத்தும். தகடு வளையும், எண்ணெய் வழுக்கும், போனது போலத்தான் இருக்கும். பக்கத்தில் யாருமில்லாதவிடத்து அந்த 0.20ஐ எழுதிவிட்டுப் போவதை உலகில் எந்தச் சட்டமும் பிடிக்காது. இதற்காகவே ஒருவர் அளந்து எண்ணைச் சொல்லாமல் விட, அடுத்தவர் அளந்து, பிறகு இருவரும் எண்ணைச் சொல்லி ஒப்பிட்டு எழுதினோம். நகைக்கடையில் உரைகல்லில் உரைத்த பிறகு விலை பேசுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறதே, அது போல. அந்த ஒழுங்கு ஒருவரை ஒருவர் நம்பாததால் வந்ததென்று சிலர் நினைக்கலாம். ஒவ்வொருவரும் தன் கையை நம்பாததால் வந்தது என்பதே சரி.

இந்த இடத்தில் றொபேட் பேர்சிக்கின் புத்தகம் பலருக்கு ஞாபகம் வரும். 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஒஃப் மோட்டார் சைக்கிள் மெயின்ரனன்ஸ்', 1974இல் வந்தது. ஷிம் பற்றி உலகில் எழுதப்பட்டவற்றில் மிகப் பிரபலமான பக்கம் அதில்தான் இருக்கிறது. கூட வரும் நண்பனின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூவில் கைபிடி வழுக்குகிறது. பியர் ரின்னை வெட்டி ஒரு ஷிம் வைத்தால் சரி என்கிறார் கதைசொல்லி. அலுமினியம், மெல்லியது, துருப்பிடிக்காது, இதைவிடப் பொருத்தமானது கிடையாது. நண்பனுக்கு அது அவமானமாகப் படுகிறது, மறுத்துவிடுகிறான். பேசாமல் ரின்னை வெட்டி, மேலே உள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டு, ஜெர்மனியிலிருந்து வந்த விசேட ஷிம் என்று சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பான் என்று கதைசொல்லி பிறகு நினைத்துக்கொள்கிறார். அந்தப் பக்கத்தை நாங்கள் சிரித்துப் படித்தோம். பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பவன் ஒருவன், அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவன் ஒருவன். எங்கள் சமூகத்தில் இரண்டாமவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பேர்சிக்கோடு ஓரிடத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. வேலையில் அக்கறை இருந்தால் மீதி தானே வரும் என்கிற தொனி அந்தப் புத்தகம் முழுக்க இருக்கிறது. கவனமில்லாத மெக்கானிக்குகள் தன் எஞ்சினைக் கெடுத்த கதையை அவர் சொல்லும்போது குற்றம் முழுதும் அவர்களுடைய அக்கறையின்மையில்தான் விழுகிறது. அக்கறை உள்ளவனின் கையும் அழுத்தும் என்பதே எங்கள் அனுபவம். இந்த வண்டி மேல் அன்பு உள்ளவருக்குத்தான் அது நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை கூட. அந்த ஆசையே 0.17ஐ 0.20 என்று வாசிக்கும். அன்பு ஒரு நல்ல காரணம். ஆனால் அளவுகோலாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

பின் சிலிண்டரின் வெளியேற்றும் வால்வுகளில் ஒன்று 0.17தான். 0.20க்குக் கீழே. முன் சிலிண்டரின் ஒரு வெளியேற்றும் வால்வு சரியாக 0.20இல் நின்றது. மற்ற ஆறும் சரி. பின்பக்கத்தது சந்தேகத்துக்கு இடமில்லாமல் மாற்ற வேண்டியது. அங்கே இருந்த ஷிம்மில் 175 என்று பொறித்திருந்தது, அதாவது 1.75 மில்லிமீற்றர், எழுத்தை நம்பாமல் மைக்ரோமீற்றரிலும் அளந்தோம். கணக்குச் சுலபம். பழைய ஷிம்மோடு இருக்கிற இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது ஷிம். 0.25 வேண்டுமென்றால் 1.67. அப்படி ஒன்று செய்வதில்லை. 1.70 வைத்தால் இடைவெளி 0.22, 1.65 வைத்தால் 0.27. இரண்டும் சரி. ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே போகும் என்பது தெரிந்த பிறகு 0.22 என்பது இன்றைக்குச் சரி, 0.27 என்பது இனிவரும் தூரத்துக்கும் சரி. 1.65ஐ வைத்தோம்.

முன்பக்கத்தில்தான் வாக்குவாதம் வந்தது. 0.20 என்பது எல்லை. எல்லைக்குள். அதை மாற்றுவதென்றால் முன் சிலிண்டரின் காமையும் கழற்ற வேண்டும், இன்னொரு நாள் வேலை.

"புத்தகத்தில 0.20 சரியெண்டு போட்டிருக்கு. பிறகென்ன?"

"இண்டைக்குச் சரி. இன்னும் 24,000 ஓடினாப் பிறகு?"

"அண்ணை, அடுத்த 24,000மும் ஓடப்போறது நாங்களில்லை."

"அதுக்காகத்தான் சொல்லுறன்."

இதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மறுவாரம் அதையும் கழற்றினோம். 1.70ஐ எடுத்துவிட்டு 1.65. இடைவெளி 0.25. எல்லையில் நிற்பது குற்றமில்லை என்பது உண்மை. ஆனால் எல்லையில் நிற்பதை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு 'சரியாகத்தான் தந்தேன்' என்று சொல்வதற்கு ஒரு சட்டத்தரணியின் மனம் வேண்டும்.

எஞ்சினை விட்டுவிட்டு மனிதரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊரிலிருந்து ஸ்பொன்சரில் கூப்பிட்ட தாய்மார், பதினைந்தாவது மாடியில் ஒரு சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால், "அம்மாவால் ஒரு கரைச்சலும் இல்லை" என்பார்கள். பெருமையாகச் சொல்வார்கள். அதே வீட்டில் கத்துகிற, சண்டை பிடிக்கிற, கதவை அடித்துச் சாத்துகிற மகனைப் பற்றி எல்லோருக்கும் கவலை. அவனுக்கு ஆலோசனை சொல்ல ஆள் தேடுவார்கள். கரைச்சல் தராத அம்மா எப்போது கடைசியாகத் தானாக ஒரு கதை சொன்னார் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போர்க்காலத்தில் தொலைபேசியில் "நாங்கள் சுகமாய் இருக்கிறம், நீ யோசியாதை" என்று ஊரிலிருந்து சொன்ன குரல்களையும் நாங்கள் இப்படித்தான் கேட்டோம். அந்த வசனத்துக்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும்.

ஆனால் இந்த ஒப்பீட்டை அதிக தூரம் கொண்டுபோக விருப்பமில்லை. மனிதருக்குள் தகடு விட்டுப் பார்க்க முடியாது. நாள்தோறும் 'என்ன பிரச்சினை, என்ன பிரச்சினை' என்று கேட்டு நோண்டுவது திறக்கத் தெரியாதவன் எஞ்சினைத் திறப்பதற்குச் சமம். ஒரு நட் குறைந்துதான் போகும். 'திறக்காதே' என்ற பேச்சு மனிதர் விசயத்தில் எஞ்சினை விட அதிகம் உண்மையாக இருக்கலாம். எஞ்சினுக்காவது 24,000 என்று ஒரு எண் எழுதியிருக்கிறது. தாய்க்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்கு ஏற்ப ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறோம்.

பூட்டி முடித்ததும் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினோம். எங்கேயும் முட்டவில்லை. மறுபடி எட்டு வால்வையும் அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களை ஒரு கொப்பியில் எழுதினோம். மார்ச் கடைசியில் கிளப்பியபோது நல்லாய்த்தான் கிளம்பியது. கொஞ்சம் டிக் டிக் என்றது. இரண்டு வால்வுகளில் இடைவெளி கூட்டியிருக்கிறோம். அந்தச் சத்தம் வரத்தான் வேண்டும். எங்களுக்கு அது இனிமையாக இருந்தது.

ஏப்ரல் நடுவில் அந்த இளைஞன் வந்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்திக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"அண்ணா, ஒக்ரோபரில வந்து பாத்தபோது இந்தச் சத்தம் இல்லையே?"

கொப்பியைக் காட்டினோம். பழைய 0.17ஐயும் புது 0.27ஐயும், அதன் கருத்தையும் விளங்கப்படுத்தினோம். கவனமாகக் கேட்டான். மரியாதையான பிள்ளை. எண்களை ஒரு தடவை வாசித்தான். பிறகு மறுபடி எஞ்சினுக்குக் கிட்டப் போய்த் தலையைச் சரித்துக் கேட்டான்.

"நீங்கள் சொல்லுறது விளங்குது அண்ணா. எண்டாலும் ஒரு இருநூறு குறைப்பியளோ?"

குறைத்துத்தான் கொடுத்தோம். கொப்பியையும் அவனிடமே கொடுத்துவிட்டோம்.